வீட்டுக்குள் மட்டும் பேசும் குரல்

அத்தியாயம் பதினொன்று

போன கிழமை டொக்டர் சொன்னதை அந்த வீட்டில் யாரும் திரும்பச் சொல்லவில்லை. வாயால் சொல்லாமல் விட்டால் நடக்காமல் போய்விடும் என்று நினைக்க அவர்கள் ஒன்றும் சின்னப் பிள்ளைகள் இல்லை. ஆனாலும் சொல்லவில்லை.

செசீலியாவின் வலது பாதத்தில் பெருவிரல் கறுத்து, அந்தக் கறுப்பு மேலே ஏறத் தொடங்கியிருந்தது. சீனி வியாதி இரண்டு வருடங்களுக்கு முன்பு அவளுடைய பார்வையை எடுத்தது. இப்போது காலுக்கு வந்து நிற்கிறது. கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டும், பிந்தினால் முழங்கால், அதற்கும் பிந்தினால் ஆளே இல்லை என்று மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பட்ட காலிலே படும் என்ற பழமொழியை இனி இந்த வீட்டில் யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள்.

இன்று பத்து மணிக்குள் வார்டில் சேர வேண்டும். நாளைக் காலையில் ஒப்பரேசன். கல்குடாவில் அந்த வீட்டு வாசலில் இர்ஷாத்தின் வேன் வந்து நின்று நேரமாகிவிட்டது. செசீலியாவோ கட்டிலை விட்டு இறங்குவதாக இல்லை.

"அம்மா, உடுப்பு மாத்துவமா?" என்றாள் மகள் றஜனி.

"அப்பா சொல்லட்டும்."

"அப்பாக்குச் சம்மதந்தான். நேத்தே சிலேட்டில எழுதிக் காட்டினவர்."

"நீ வாசிச்சா அது நீ சொல்லுறது. போன மாசம், பாவக்காய் சாப்பிடு எண்டு அப்பா எழுதியிருக்கார் எண்டு சொன்னாய். அந்த மனிசனாவது என்னைப் பாவக்காய் சாப்பிடச் சொல்லுறதாவது!"

றஜனிக்கு முகம் சுருங்கியது. பாவற்காய் விசயத்தில் அவள் சொன்னது பொய். இப்போது சொன்னதும் பொய்தான். அப்பா ஹெக்டர் அப்படி ஒன்றும் எழுதவில்லை. இரண்டு நாட்களாக அவர் எதையுமே எழுதவில்லை.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி. துணிக்குப் பின்னால், குரல்வளை இருந்த இடத்தில் ஒரு துவாரம். எட்டு மாதங்களுக்கு முன்பு புற்றுநோய்க்காக எடுத்தார்கள். கல்குடாக் கரையில் மீன் ஏலம் கூறிய மனிதர் அவர். ஹெக்டர் "மூண்டுதரம்" என்று சொன்னால் அடுத்த மீன்வாடியில் இருப்பவனுக்கும் இன்றைய பாரை என்ன விலை என்று தெரிந்துவிடும்.

"எழுத்து வேணாமெண்டா, தலையையாவது ஆட்டச் சொல்லுறன். உங்கட கையை அப்பாட கன்னத்தில வச்சுப் பாருங்க."

"தலையாட்டுறது மீன் வாங்க வாற ஆக்கள். விலையை முடிக்கிறது அவர்ட வாய்தானே? அந்த வாயால சொல்லட்டும். மறுகா நான் ஒரு கதை கதைக்க மாட்டன்."

அந்த வாய் இப்போது பக்கத்து அறையில், மேசைக்கு மேலே, ஒரு பழைய கொம்பியூட்டருக்குள் இருந்தது.

இந்த வீட்டைத் தொடர்ந்து பார்த்து வருகிறவர்களுக்கு அது தெரிந்த கதைதான். தொண்டையை எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்த கிழமையில் றஜனி ஜன்னலைச் சாத்தி, காற்றாடியை நிறுத்தி, அப்பாவை வியர்க்க வியர்க்கப் பேசவைத்துப் பதிவு செய்தாள். தேத்தண்ணி குடிச்சயா, ஊசி போட்டாச்சா, மழை வருது, நான் இஞ்சதான் நிக்கிறன். அப்படி ஒரு வீட்டுக்குத் தேவையான சொற்கள். டோஹாவில் ஹோட்டல் ஒன்றில் கொம்பியூட்டர் திருத்துகிற மகன் பிறின்ஸ் அவற்றை வைக்க ஒரு டேட்டாபேஸ் செய்து கொடுத்தான். ஹெக்டரின் கையில் இருக்கிற டெப்லட்டில் வெறும் பொத்தான்கள் மட்டும்தான். பொத்தானைத் தொட்டால், டெப் வீட்டு வைஃபை வழியாக கொம்பியூட்டரைத் தேடிப் போய்க் குரலை எடுத்து வரும்.

கணவனால் பேச முடியாது. மனைவியால் பார்க்க முடியாது. இருவருக்கும் நடுவில் இருந்த ஒரே பாலம் அதுதான். அந்தப் பாலம் இன்று காலையில் உடைந்திருந்தது.

டெப்பில் எல்லாப் பொத்தான்களும் சாம்பல் நிறத்தில் கிடந்தன. மேலே ஒரு வரி: தரவுத்தளத்துடன் இணைய முடியவில்லை.

*

றஜனி முதலில் பயப்படவில்லை. மாரி காலத்தில் இது அவளுக்குப் பழகிய தொல்லை. நேற்று மாலை இடி இடித்தது. இடி இடித்தால் ரூட்டர், கொம்பியூட்டர், டீவி எல்லாவற்றையும் கழற்றி வைப்பது அந்தக் கரையில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் உள்ள வழக்கம். திருப்பி மின்சாரத்தில் பூட்டும்போது ரூட்டர் கொம்பியூட்டருக்கு வேறோர் இலக்கத்தைக் கொடுத்துவிடும். டெப் பழைய இலக்கத்தையே தேடிக்கொண்டு நிற்கும், வீடு மாறிப் போன ஆளைப் பழைய விலாசத்தில் தேடுகிற மாதிரி. செட்டிங்ஸில் முதல் பக்கத்தைத் திறந்து புதிய இலக்கத்தைப் போட்டால் முடிந்தது.

போட்டாள். சேமித்தாள். பொத்தான்கள் சாம்பலாகவே இருந்தன.

திரும்பவும் போட்டாள். டெப்பை அணைத்துப் போட்டாள். ரூட்டரைக் கழற்றிப் பூட்டினாள். அது வேறோர் இலக்கத்தைக் கொடுக்க, அதையும் போட்டாள். அதே வரி. அதே முடியவில்லை.

வெளியிலிருந்து இர்ஷாத் குரல் கொடுத்தான்.

"தங்கச்சி, ரோட்டு வேல நடக்குது. இப்ப வெளிக்கிட்டாத்தான் நேரத்துக்குப் போகலாம்."

"கொஞ்சம் நில்லுங்க அண்ணன்."

அவள் பிறின்ஸுக்கு அழைத்தாள். இரவு வேலையின் கடைசிப் பகுதியில் இருந்தான் அவன். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது.

"அம்மாவை ஏத்தியாச்சா?"

"எங்க ஏத்துறது? அப்பா சொன்னாத்தான் போவன் எண்டு இருக்கிறா. உன்ட சாமான் வேலை செய்யுதில்ல."

"முதல் பக்கத்தில இலக்கத்தை மாத்தினியா?"

"மாத்தினன்."

"சேவ் பண்ணினியா?"

"நான் என்ன நேத்தா பிறந்தனான்?"

"கோவிக்காத. கொம்பியூட்டரில பச்சை அடையாளம் இருக்கா பார்."

"இருக்கு."

"அப்ப டேட்டாபேஸ் ஓடுது. அதில பிழையில்ல." பிறின்ஸ் யோசித்தான். "டெப்தான் வேற எங்கயோ போய்த் தேடுது. இஞ்ச பார், முதல் பக்கத்துக்கு அடியில சின்னதா 'மேலும்' எண்டு இருக்கும். தொடு."

அவள் அதை ஒருநாளும் தொட்டதில்லை. தொட்டாள். இன்னொரு பக்கம் திறந்தது.

"அதில 'வெளி இணைப்பு' எண்டு ஒரு பெட்டி. டிக் போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."



"அந்த டிக் இருந்தா, முதல் பக்கத்தில நீ என்ன இலக்கத்தைப் போட்டாலும் அது பாக்காது. வெளியால ஒரு விலாசத்திலதான் தேடும். அந்த விலாசம் இப்ப இல்ல."

"அதை அது சொல்ல வேணாமா? இலக்கம் பிழையெண்டாலும் இணைய முடியல்ல, இது பிழையெண்டாலும் இணைய முடியல்ல! மனிசர் என்னெண்டு கண்டுபிடிக்கிறது? நான் காலையில இருந்து சும்மா கிடந்த பக்கத்தில இலக்கம் எழுதிக்கொண்டிருக்கன்!"

"அது நான் எனக்காகச் செஞ்சது, றஜனி. வேற ஆரும் அந்தப் பக்கத்துக்குப் போவாங்க எண்டு நினைக்கல்ல."

"உனக்காக எண்டா?"

அவன் இயந்திரத்தை விட்டுத் தள்ளி வந்தான் போல, பின்னால் இரைச்சல் குறைந்தது.

"இஞ்ச இருந்து அப்பாட குரலைக் கேக்கத்தான். வேலை முடிஞ்சு வந்து படுத்துக்கொண்டு போட்டுக் கேப்பன். தேத்தண்ணி குடிச்சயா எண்டு கேப்பார். குடிச்சன் எண்டு நானும் சொல்லுவன். அறையில மற்றப் பொடியன்கள் பார்ப்பாங்க. பிறகு தாங்க ஏலாமப் போச்சு. அந்த வழியை மூடிட்டன்."

றஜனிக்கு அண்ணன் மீது இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இந்த வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாக அழுகிறோம் என்று நினைத்தாள். ஒரு நாளைக்கு எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து அழுதால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

"சரி, டிக்கை எடுக்கிறன்."

"எடு. சரியாகும்." பிறின்ஸ் குரலைத் தாழ்த்தினான். "ஆனா ஒண்டு. ரூட்டரைக் கழட்டினா இலக்கந்தான் மாறும். அந்த டிக் தானா விழாது. யாரோ கைவச்சுப் போட்டாத்தான் உண்டு."

"நேத்துப் பின்னேரம் அப்பா அம்மாவோட கதைச்சாரே. இடிக்கு முதல் நல்லாத்தானே இருந்தது."

"அப்ப பிறகுதான் போட்டிருக்கு. அந்த டிக் எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியும். மறுகா..." அவன் நிறுத்தினான். "முதல் கிழமை நான் இஞ்சயிருந்து சோதிச்சுப் பாக்கக்குள்ள, அப்பாட கையாலதான் அதைப் போடுவிச்சன். அண்டைக்கு முழுப் பின்னேரமும் குரல் வரல்ல. நினைவிருக்கா? எனக்கு எவ்வளவு ஏச்சு எழுதி அனுப்பினவர்."

நினைவிருந்தது. ஹெக்டருக்கு டேட்டாபேஸும் தெரியாது, இலக்கமும் தெரியாது. எதைத் தொட்டால் தன் குரல் நின்றுபோகும் என்பது மட்டும் தெரியும்.

*

அவர் பின்வளவில், கிணற்றடியில், கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டி ஒன்றில் உட்கார்ந்திருந்தார். றஜனி டிக்கை எடுக்கவில்லை. டெப்பை அப்படியே கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள்.

"இதை நீங்களா போட்டீங்க அப்பா?"

அவர் மகளைப் பார்க்கவில்லை. சிலேட்டை எடுத்து, ஓம், என்று எழுதினார்.

"ஏன்?"

எழுதினார். அழித்தார். திரும்ப எழுதினார்.

நான் சொன்னால் அவள் போவாள்.

"அதுக்குத்தானே இவ்வளவு நேரமாக் கிடந்து அந்தரப்படுறன்!"

அவர் துணியால் சிலேட்டைத் துடைத்தார். இந்த முறை எழுத்து சின்னதாக, நெருக்கமாக வந்தது.

என் தொண்டையை எடுக்கச் சொன்னது நான். அது என் தொண்டை. இது அவள் கால். அவளுக்கு இதயமும் பலவீனம் என்று டொக்டர் சொன்னார். திரும்பி வராவிட்டால், காலை வெட்டக் கொடு என்றதுதான் அவள் என் குரலில் கேட்ட கடைசிச் சொல்லாக இருக்கும்.

றஜனி அதை வாசித்து முடித்ததும் மீன் பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்துவிட்டாள். நேற்றைய மழையில் நிலம் ஈரமாக இருந்தது. அவளுக்கு அது உறைக்கவில்லை.

"போகாட்டி அம்மா இல்ல அப்பா," என்றாள். "காய்ச்சல் காயுது. கால் மணக்குது. அது உங்களுக்கும் தெரியும். நாங்க சொல்லாம இருந்துட்டா அந்தக் கறுப்பு நிண்டுடுமா? எனக்கு மட்டும் ஆசையா அம்மாட காலைக் குடுக்க?"

முழங்காலில் முகத்தை வைத்து அழுதாள்.

ஹெக்டரும் அழுதார். குரல் போன மனிதரின் அழுகைக்குச் சத்தம் கிடையாது. கழுத்துத் துணி மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது. கரை முழுவதும் கேட்கப் பேசின மனிதர், பக்கத்தில் இருக்கிற மகளுக்குக்கூடக் கேட்காமல் அழுதார்.

உள்ளிருந்து செசீலியா கூப்பிட்டாள்.

"றஜனி! ஆரும் இல்லையா? என்னைத் தனிய விட்டுட்டு எல்லாரும் எங்க போனீங்க?"

ஹெக்டர் டெப்பைத் தூக்கினார். விரல் அந்தப் பெட்டிக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தொட்டது. டிக் போய்விட்டது. ஒவ்வொரு பொத்தானுக்கும் நிறம் வந்தது.

"'ஓம்' எண்ட பொத்தான் மேல இருக்கு அப்பா," என்றாள் றஜனி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அது போதும். அதை மட்டும் போடுங்க."

அவர் தலையை இல்லை என்று அசைத்தார். பொத்தான்களை மேலும் கீழும் தள்ளித் தேடிக்கொண்டே உள்ளே நடந்தார்.

*

கட்டிலில் அவர் உட்கார்ந்ததும் செசீலியா கையை நீட்டி அவர் தோளைத் தொட்டாள்.

"குரல் பெட்டி சரியாயிட்டா?"

அவர் பொத்தானை அழுத்தினார்.

"எழும்பு புள்ள, நேரமாகுது. பூசைக்குப் போவம்."

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கென்று பதிந்து வைத்தது. அறை முழுவதும் அந்தப் பெரிய குரல் நிறைந்தது. அது முடிந்ததும், பதிவின் அடியில், தூரத்தில் இன்னொரு குரல் கேட்டது. "வாறன், வாறன், கத்தாதங்க!" அது செசீலியாவின் குரல். பதிகிறார்கள் என்று தெரியாமல் அன்று அவள் குசினி அடுப்படியிலிருந்து பதில் சொல்லிவிட்டாள். திரும்பப் பதிவோம் என்று றஜனி எவ்வளவோ சொல்லியும் ஹெக்டர் விடவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார். அந்தக் குரலுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் சரக் சரக்கென்று கிட்ட வந்து, வாசலில் நின்றது. பதிவு அதோடு முடிந்தது.

செசீலியா அசையாமல் இருந்தாள்.

"அது என்ட நடைதானே?" என்றாள்.

ஹெக்டர் அவளுடைய கையை அழுத்தினார்.

"இன்னொருக்காப் போடுங்க."

அவர் போட்டார். அவள் தலையைச் சாய்த்து, கணவனின் குரல் முடியும்வரை பொறுத்திருந்து, பிறகு வந்த சத்தத்தைக் கூர்ந்து கேட்டாள். குசினியிலிருந்து வாசல் வரைக்கும். இரண்டு காலாலும் நடந்து.

றஜனி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இண்டைக்குப் பூசை இல்லையே மனிசா," என்றாள் செசீலியா. அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அதைத் துடைக்கவில்லை. "எங்க போகக் கூப்பிடுறீங்க எண்டு எனக்கு விளங்குது. போ எண்டா போயிருக்க மாட்டன். போவம் எண்டா வாறன். றஜனி, அந்த நீலச் சட்டையை எடு."

*

வேனில் ஹெக்டரும் செசீலியாவும் நடு இருக்கையில் இருந்தார்கள். வெள்ளைத் துணி சுற்றிய காலை றஜனி தன் மடியில் தலையணை வைத்து ஏந்திக்கொண்டாள். இர்ஷாத் பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டினான். வாழைச்சேனைப் பாலத்தைத் தாண்டியபோது வாவிக் காற்று உள்ளே வந்தது.

"பாலத்தைக் கடந்தாச்சா?" என்று கேட்டாள் செசீலியா.

"ஓம் அம்மா."

"இஞ்சாருங்க." அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு நான் முழிக்கக்குள்ள எனக்கு முதல் உங்கட சத்தந்தான் கேக்கணும். டொக்டர்ட சத்தம் வேணாம். இவள்ட சத்தமும் வேணாம். எனக்கு எல்லாம் இருட்டுத்தானே. உங்கட சத்தம் கேட்டாத்தான் நான் உயிரோட இருக்கன் எண்டு தெரியும். கேக்குமா? சொல்லுங்க."

ஹெக்டர் மடியிலிருந்த டெப்பில் 'ஓம்' என்ற பொத்தானைத் தொட்டார்.

சத்தம் வரவில்லை. பொத்தான்கள் எல்லாம் சாம்பலாகிக் கிடந்தன.

றஜனிக்கு அப்போதுதான் உறைத்தது. புறப்படுகிற அவசரத்தில் யாருமே அதை நினைக்கவில்லை. குரல் எல்லாம் வீட்டு மேசைமேல் இருக்கிறது. வைஃபை வாசல் மாமரத்தோடு முடிந்துவிட்டது. திரும்பிப் போய் எடுத்து வருவோமென்றால் பத்து மணிக்கு வார்டில் இருக்க முடியாது.

அவள் ஒரு கையால் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனில் எழுதினாள். அண்ணா, நீ மூடின வழியைத் திற. நாளைக்கு அம்மா முழிக்க முதல் அப்பாட குரல் ஆஸ்பத்திரிக்கு வரணும்.

"ஏன் பேசாம இருக்கிறீங்க?" என்றாள் செசீலியா. "சொல்லுங்களன்."

அவர் அவளுடைய கையை எடுத்துத் தன் உதட்டில் வைத்துக்கொண்டார். உதடு அசைந்தது. அவளுடைய விரல்கள் அந்தச் சொல்லைத் தடவிப் பார்த்தன.

"இது கணக்கில்ல," என்றாள் அவள். "நாளைக்குச் சத்தமாச் சொல்லணும்."

ஆனால் கையை அங்கிருந்து எடுக்கவில்லை.

றஜனி போனைப் பார்த்தாள். செய்தி போய்விட்டது. பிறின்ஸ் அதை இன்னும் பார்க்கவில்லை. இரவு வேலை முடிந்து படுத்திருப்பான். அப்பாவின் குரலைத் தாங்க முடியாமல் எந்த வழியை அவன் மூடினானோ, அதைத் திறக்கத்தான் இனி அவனை எழுப்ப வேண்டும்.